எந்த லிஸ்ப்பின் கதவைத் தட்டினேன்

லிஸ்ப் என்ற கணினி நிரல்மொழியைக் கிழட்டு மொழி என்று கேலி செய்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்காத நாளில்லை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குச் சூடான காற்றை அளந்து விடும் நிரலை அதில்தான் எழுதினேன். அந்தப் பிரிவைக் கவனிக்கும் என் அக்காதான் மேலாளர் துரையிடம் பேசி அதை வைக்கச் செய்தாள்.

அன்று காலை, தொழிற்சாலையிலிருந்து மலைக்கு இந்தப் பக்கம், ரிங்லெட் ஊரில் உள்ள என் வீட்டில் தோசைக்கல்லை வைத்தபோது அவள் அழைத்தாள்.

"மழைக் கொழுந்துடி. ஈரம் காஞ்சதும் குளுந்த காத்துக்கு மாறணும், இன்னும் சூட்டுக் காத்து நிக்கல, கொழுந்து கருகிரும். துரை சுவிட்ச் மேலயே கை வச்சிட்டு நிக்கிறாரு. அடைச்சிட்டாருன்னா இனி உன் புரோகிராம் வேணாம்னு சொல்லிருவாரு."

நிறுத்தினால், எந்தத் தொட்டி எவ்வளவு நேரம் காற்று வாங்கியது என்ற நினைவும் நிரலுக்கு அழிந்துவிடும். ஓடும்போதே திருத்த வேண்டும். லிஸ்ப்பில் அது முடியும். அடுப்பை அணைத்துவிட்டு மடிக்கணினியில் நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்தேன். மழை நாளுக்கான நிபந்தனையைத் தலைகீழாக எழுதியிருந்தேன். திருத்தி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது.

"ஒன்னும் மாறல லா," என்றாள் அக்கா.

திரையை மறுபடி மேலிருந்து படித்தேன். பிறகுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் கை தினமும் போடும் கட்டளையைப் போட்டிருக்கிறது. அந்தக் கட்டளை என் கணினியிலேயே புதிதாக, ஒன்றும் தெரியாத ஒரு லிஸ்ப்பைக் கிளப்பும். அந்த லிஸ்ப், வெளியிலிருந்து தன்னோடு பேச ஒரு கதவைத் திறந்து, கதவின் எண்ணைச் சின்னக் கோப்பு ஒன்றில் எழுதி வைக்கும். எடிட்டர் அதைப் படித்துவிட்டுப் போய்த் தட்டும். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், யாரோடு பேசுகிறோம் என்று நான் பார்ப்பதே இல்லை. என் திருத்தம் தொழிற்சாலைக்குப் போகவே இல்லை; கொழுந்தையே கண்டிராத பச்சைக் குழந்தைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த முறை எதையும் கிளப்பவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ப்போடு போய்ச் சேரும் கட்டளையைப் போட்டு, தொழிற்சாலைக் கணினியின் முகவரியையும் கதவு எண்ணையும் கொடுத்தேன். முதலில், சரியான இடம்தானா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி: மூன்றாம் தொட்டி எவ்வளவு நேரமாகக் காற்று வாங்குகிறது?

பதில் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். மலைக்கு அந்தப் பக்கம், ஈரக் கொழுந்துக்கு நடுவே, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த லிஸ்ப் என்னோடு பேசியது.  திருத்திய வரிகளை அதனிடம் அனுப்பினேன்.

"அக்கா, தொட்டியில கை வச்சுப் பாரு."

அவள் தொட்டியை நெருங்க, போனில் விசிறிகளின் இரைச்சல் கூடியது.

"ஜில்லுன்னு வருது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "துரையும் வச்சுப் பாக்குறாரு. சுவிட்ச்சுல வச்சிருந்த கையைத்தான்டி."