கிழக்குக் கேலரிக் குழாய்

உப்பளம் மைதானத்தில் நான் ஸ்பீக்கர் குழாய் கட்டாத விழா கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சைக்கிள் கேரியரில் ஓர் ஓட்டை ஆம்ப்ளிபயரைக் கட்டிக்கொண்டு காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பாட்டுப் போட்டுத் தொழிலை ஆரம்பித்தேன். இன்றைக்கு மைக்செட் என்றால் இந்த ஊரில் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். லாஸ்பேட்டையில் என்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து ஸ்பீக்கர் வாடகைக் கடை வைத்திருக்கிறவர்கள்கூட, "ஐயா, எதிரொலி அடிக்குது, இன்னா பண்றது?" என்று எனக்குத்தான் போன் போடுகிறார்கள்.

மைதானம் என்றால் பந்தாட்டம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அங்கேதான் ஓடவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெயிலில் டிரில் செய்யும். கட்சிக்காரர்கள் பேசுவார்கள், பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றும். அதற்கெல்லாம் முன்னால், பிரெஞ்சுக்காரன் காலத்தில், சிப்பாய்கள் அந்த வெட்டவெளியில் பந்து உதைத்தார்களாம். அதற்கும் முன்னால் உப்பு விளைந்த தரை. இன்றைக்கும் மழை விட்டுக் காய்ந்தால் புல்லுக்கு நடுவே வெள்ளையாகப் பூக்கும். இத்தனை வகை ஆட்களைப் பார்த்த இடம், ஆள் போன பிறகும் சும்மா இருக்காது. சாயங்காலம் காங்கிரீட்டில் ஏறிய சூடு இறங்கும்போது கேலரிப் படிகள் 'டப், டப்' என்று சொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து போவதுபோல இருக்கும். சூடுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில்லை.

போன வருஷம் அங்கே ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கிய குடும்பத்துப் பையன்கள் லீவுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கும் உள்ளூர்ப் பையன்களுக்கும் போட்டி. பந்து முட்டை மாதிரி இருக்கும், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்களுக்கு அது உயிர். எல்லாரும் தொப்பியும் கையுமாக வந்து மேற்குக் கேலரியில் உட்கார்ந்துவிட்டார்கள். கிழக்குக் கேலரியில் ரிப்பேர் வேலை என்று பூட்டு போட்டிருந்தது. ஆனாலும் அதற்கு முன்னால் கம்பத்தில் என் குழாய் இருந்தது. நான் நாலு பக்கமும் கட்டுகிறவன்.

அந்தச் சொல்தாக்களில் ஒருவர் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். நான் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடுவேன், அவர் என்னை மைக்கு என்பார். அன்றைக்கு மனைவியையும் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு மறதி நோய். எல்லாம் மறந்து, கடைசியில் பேச்சும் நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"கேலரி கட்டறதுக்கு முன்னாடி நான் இங்கதான் புட்பால் ஆடுவேன் மைக்கு," என்றார். "கல்யாணம் ஆன புதுசுல இவளும் வந்து குந்திப் பார்ப்பா. அதான் இட்டாந்தேன். என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்த பேசிட்டான்னா போதும்."

பாதி ஆட்டத்தில் டீ வாங்கப் போனவர், மைக் ரூமுக்கு ஓடி வந்தார். டம்ளரில் இருந்த டீ பாதி அவர் சட்டையில் இருந்தது.

"ஆளக் காணோம் மைக்கு."

உடனே மைக்கைப் பிடித்தேன். பச்சைப் புடவை, வெள்ளைத் தலை, பேசமாட்டார்கள், கண்டவர்கள் மைக் ரூமுக்கு அழைத்து வரவும் என்று சொன்னேன். கேலரியில் இருந்து ஒருத்தன் கத்தினான்: "பேசாத பொண்டாட்டியா? குடுத்து வெச்சவரு, ஏன்யா தேடறாரு?" கூட்டம் சிரித்தது. முசேவும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஆட்டம் முடிந்தது, ஜனம் கலைந்தது, அந்த அம்மா வரவில்லை. என் ஆட்களில் பாதிப் பேர் கடற்கரைப் பக்கம் போனார்கள், பாதிப் பேர் கேலரிக்கு அடியில் இருக்கும் அறைகளைத் திறந்து பார்த்தார்கள். கிழக்குப் பக்கமும் பார்க்கலாம் என்றேன். வாட்ச்மேன் மறுத்தார். "பூட்டுன பூட்டு பூட்டுனபடி தொங்குது. சாவி என் இடுப்புல. பூனைகூட உள்ள போவாது."

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. என் முழங்காலுக்கு மைதானம் முழுக்கச் சுற்ற முடியாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எந்தக் காலேஜிலும் சொல்லித்தராத வித்தை அது. பேசுகிற குழாயைத் திருப்பிப் போட்டால் கேட்கிற குழாய் ஆகிவிடும். கிராமத்துத் திருவிழாவில் மைக் கெட்டுப்போனபோது நானே கண்டுபிடித்தது. குழாயின் ஒயரைப் பிடுங்கி மைக் செருகுகிற இடத்தில் கொடுத்தால், அதற்கு எதிரே இருக்கிற சத்தத்தை அது இழுத்துக் கொண்டு வரும். ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்து, ரூமில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் கேட்டோம்.

வடக்கில் காக்கைகள் அடைகிற சத்தம். தெற்கில் எங்கோ தண்ணீர் சொட்டியது. மேற்கில் என் ஆட்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கைக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. காற்றுக்கூட இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல ஓர் அமைதி.

பிறகு ஒரு பெண் குரல். "கால் வலிக்குதுன்னா நீட்டிக்குங்க. யாரு கேக்கப் போறா?"

முசே என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவதான்."

"வாங்க, போலாம்," என்று நான் எழுந்தேன்.

"குந்து மைக்கு. பேசறா பாரு."

"மேல இருந்து உழுந்து வெச்சா இன்னா பண்றது?"

"ஒரு வருஷம் கழிச்சிப் பேசறா. கொஞ்சம் கேட்டுக்கறேன்."

அந்த அம்மா பேசுவார்கள், நிறுத்துவார்கள், எதிராளி பதில் சொல்லும் நேரம் விடுவார்கள், "ம்" கொட்டுவார்கள். "அப்டியா சொன்னான்?" என்று ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு முசேவும் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"எங்க வூட்டுக்காரரு சொல்தாவா கப்பலேறிப் போயிருக்காரு. ஆட்டத்துக்கு வந்துடுவேன்னு எழுதியிருந்தாரு. இன்னும் காணோம்."

முசே பெட்டியின் பக்கம் குனிந்து, தூங்குகிற குழந்தையிடம் பேசுவதுபோல, "வந்துட்டேன்மே," என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைக் அணைந்திருந்தது. குழாயில் சத்தம் போக வழியே கிடையாது, ஒயரைத் திருப்பிக் கொடுத்தவனே நான்தான். அவர் சொன்னது அடுத்த ரூமுக்குக்கூடக் கேட்டிருக்காது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அம்மா சொன்னார்கள்:

"கேட்டீங்களா? வந்துட்டாராம்."

பெட்டியில் ஓர் ஆண் இருமினான். நிறைய பீடி குடித்த நெஞ்சின் இருமல், குழாய்க்குக் கிட்டத்தில்.

பேய் பிசாசு என்று யாராவது என்னிடம் வந்தால் செருப்பைக் காட்டுகிறவன் நான். சுடுகாட்டில் தனியாகக் குழாய் கட்டியவன். ஆனால் குழாய் பொய் சொல்லாது. எதிரே இருப்பதைத்தான் இழுக்கும். என் கையில் இருந்த ஒயர் நழுவிக் கீழே விழுந்தது, பெட்டி செத்துப்போனது.

புல்தரையைக் குறுக்கே தாண்டி எப்படிப் போனோம் என்று தெரியாது. வாட்ச்மேன் இடுப்புச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். அதுவரை பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. கம்பி வேலியில் சந்து ஏதாவது இருந்திருக்கும் என்று அவர் அப்புறம் சொன்னார். நான் அதற்குப் பிறகு பகலில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கூரைக்கு அடியில், மேல் வரிசையில், அந்த அம்மா மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனியாகத்தான். இடது பக்கத்தில் ஒரு கர்ச்சீப் விரித்திருந்தது. வியர்வை துடைத்துக்கொள்ள முசே கொடுத்த கர்ச்சீப். எங்கள் ஊர் மைதானத்தில் கர்ச்சீப் விரித்த இடத்தில் எப்பேர்ப்பட்ட ஆளும் உட்கார மாட்டான். வரப்போகிற ஒருத்தருக்குப் போட்ட இடம் அது.

முசே மூச்சு வாங்க ஏறிப் போய், அந்தக் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு உட்காரக் குனிந்தார். அந்த அம்மா தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தார்கள்.

"அது ஆளுக்குப் போட்ட எடம். கண்ணு தெரியல? அப்பால போயி குந்து."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முசே கர்ச்சீப்பைத் திரும்ப விரித்து, சுருக்கம் நீவிவிட்டு, "சரி மதாம்," என்றார். ஒரு படி கீழே உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பிய முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட பேசிட்டா மைக்கு."

பிறகு மனைவி பக்கம் திரும்பி, அந்நியரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார். "ஆட்டம் முடிஞ்சிடுச்சே மதாம். கிளம்பலாமா?"

அந்த அம்மா வலது பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம் வெறும் படி. தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டார்கள்.

"இருக்கணுமாம். எங்க வூட்டுக்காரரு படியேறி வந்துட்டு இருக்காராம்."

வாட்ச்மேன் மளமளவென்று கீழே இறங்கிவிட்டார். முசே போகவில்லை. "வரட்டும், இருப்போம்," என்று சொல்லிவிட்டு, படி ஏறி வருகிறவருக்கு வழிவிட்டு, காலை மடக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.