தோளைவிட்டு இறங்காத பை

அலிபிரி பக்கம் ஒரு லாட்ஜில் அறை பெருக்கித் துடைக்கும் பிரேமலதாவின் தோளில் எந்நேரமும் ஒரு பை தொங்கும். பொட்டுக்கடலை, வெல்லம், தீப்பெட்டி, தண்ணீர் பாட்டில், வீட்டு போன் நம்பர் எழுதிய காகிதம், இன்னும் என்னென்னவோ. மாதம் பிறந்தால் கடலையை மாற்றுவாள். ஆறு நாள் நடக்க என்ன வேண்டுமோ அது கைக்கெட்ட இருக்க வேண்டும் என்பாள். 'மூட்டைக்காரி' என்று கூட வேலை செய்கிறவர்களே கேலி பேசினார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆறு நாள் என்பது அவள் பட்ட கணக்கு. கொரோனா ஊரடங்கு வந்தபோது, அன்றைக்கு வேலை பார்த்த இடத்தில் அவளையும் புருஷன் முனிசாமியையும் பொழுது சாய்வதற்குள் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. சொந்த ஊரான சாந்திபுரம் வரை ஆறு நாள் நடந்தார்கள். சித்தூர் தாண்டியதும் முனிசாமியின் செருப்பு அறுந்தது. பங்குனி வெயில், தார்ரோடு, அவருக்கோ சர்க்கரை வியாதி. கால்புண் ஆறவே இல்லை. ஆடியில் போய்ச் சேர்ந்தார். அட, ஒரு ஜோடி செருப்பு! அது இருந்திருந்தால் மனுஷன் இன்றைக்கும் இருந்திருப்பார். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் புது மேனேஜர் ஜெகநாதன் வந்தார். அறைகளில் வைக்கிற துண்டுகள் காணாமல் போகின்றனவாம். வேலைக்காரர்கள் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். எல்லாரும் கொடுத்தார்கள். பிரேமலதா கொடுக்கவில்லை.

"பையக் குடுத்தா டியூட்டி. இல்லன்னா வீட்டுக்குப் போ."

"தெனம் கொட்டிக் காட்டறேன், நல்லா பாத்துக்கோங்க சார். குடுக்க மட்டும் மாட்டேன். இந்த வேலையிலதான் சோறு துன்னுக்கினு கீறேன், தெரியும். போனா போவட்டும்."

அவளே மேஜைமேல் கொட்டினாள். துண்டு ஒன்றும் இல்லை. இரண்டு ஜோடி செருப்பு விழுந்தது. ஒன்று ஆம்பளைச் செருப்பு.

"யுத்தத்துக்கா போறே? இது யாருக்கும்மா? உன் புருஷன்தான் இல்லியே!" என்று சிரித்தார் ஜெகநாதன்.

பிரேமலதாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மறுபடியும் ஒரு நாளு கதவ சாத்துவாங்க சார். மேனேஜரா, கூட்றவளான்னு பாத்து சாத்த மாட்டாங்க. அன்னிக்கும் ரோட்ல எவனாச்சும் வெறுங்கால்ல நடந்துக்கினு வருவான். அவனுக்குத்தான் இது. நீங்களா இருந்தாலும் போட்டுக்கலாம்."

எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஜெகநாதன் தடுக்கவில்லை.