நாற்காலி போட்ட கடையில வாங்குன காரு

வாடகைக்கு ஓட்ட காரு வாங்கணும்னு மதுரையில ரெண்டு கடை ஏறுனேன். மொதக் கடையில நாற்காலி போட்டு, "மொதலாளி, உக்காருங்க"ன்னாக. என்னைய எவன் அப்படிக் கூப்புட்டிருக்கான்? கெறங்கிட்டேன். அடுத்த கடை பாய் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே, "செத்த நில்லுங்கண்ணே, வாரேன்"னாரு. எனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. மொதக் கடையிலயே வாங்கிட்டேன்.

மூணாம் மாசமே, கல்யாணப் பொண்ண ஏத்திக்கிட்டுப் போறப்ப வண்டியூர்ல காரு நின்னுபோச்சு. கடைக்கு ஓடுனேன். "உக்காருங்க மொதலாளி, சாமான் மெட்ராஸ்லருந்து வரணும்"னாக. முகூர்த்தம் அம்புட்டு நாள் காத்திருக்குமா? காலு ஓஞ்சுபோயி பாய் கடைக்குப் போனேன். அவரு கூடவே வந்து, ரோட்டுப் புழுதியில படுத்து, கையில கெடச்ச கம்பிய வச்சு ஒப்பேத்தி ஓடவச்சாரு.

"அன்னைக்குச் செத்த நின்னிருந்தா, இந்த மாதிரி வண்டிக்கு இங்க சாமான் கெடைக்காதுன்னு சொல்லியிருப்பேனே, ஏண்ணே போயிட்டீக?"

"அவசர சோலி பாய்"ன்னேன்.

அது பொய்யின்னு இன்னைக்கு வரைக்கும் அவருகிட்டச் சொல்லல.