வலப்பக்கச் சரிவு

மலைமுகட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வரையாமல் வைத்திருந்தேன். மற்றவை முடிந்திருந்தன: சிவந்த இலைகளோடு மரங்கள், ஓடை, ஒரு குடிசை, அடிவாரப் பனி. பழைய சீன முறையில் முகட்டை ஒரே மூச்சில், தூரிகையை எடுக்காமல் இழுக்க வேண்டும். அந்தத் தாளில் மை பட்டால் பட்டதுதான். என்னிடம் வேறு தாளும் இல்லை.

டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கார் ஆலையின் பெயிண்ட் பிரிவில் பாலிஷ் மெஷின் பிடிக்கிறேன். ஷிப்ட் முடிந்த பிறகும் கைக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுத்தால்தான் நடுக்கம் அடங்கும். வெளிநாட்டு ஓவியப் பள்ளி ஒன்று உதவித்தொகைக்கு இலையுதிர்கால மலைக்காட்சி கேட்டிருந்தது. திங்கள் காலை கெடு. வயது வரம்பின்படி எனக்கு இதுதான் கடைசி வருடம்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்து சொன்னார்: "நாளைக்கு லீவு இல்ல, எல்லாருக்கும் ஓ.டி."

"சார், நாளைக்கு மட்டும் என்னை இன்ஸ்பெக்‌ஷன்ல போடுங்க. மெஷின் வேணாம்."

"இன்னாமா, நாளைக்கு மருதாணி வெக்கிறாங்களா? மெஷினுக்கு ஆள் இல்ல. வரலைன்னா, கான்ட்ராக்ட் முடியறப்போ என்னாண்ட வந்து நிக்காத."

மறுநாள் போனேன். மெஷின்தான்.

மாலையில் பென்னலூர் அறைக்குத் திரும்பியபோது சோறு பிசையவே விரல் ஒத்துழைக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தேன். வெந்நீர்: பயனில்லை. இடது கை: செய்தித்தாளில் அது கிறுக்கியதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். எடை சேர்த்தால் அதிர்வு குறையும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. சேஃப்டி ஷூவை அதன் லேஸாலேயே மணிக்கட்டில் கட்டித் தொங்கவிட்டேன்.

அறைத்தோழி அரக்கோணத்துக்காரி. "இன்னாடி இது, மலை ஏற ஷூவெல்லாம் மாட்டிக்கினு கிளம்பிட்ட?"

"கொஞ்ச நேரம் மூச்சுகூட விடாதடி."

இடப்பக்கம் ஏறினேன். உச்சி வரை கோடு நடுங்கவில்லை. இறங்கத் திரும்பியதும் ஷூ ஊசலாடியது. அடுத்த நொடி கை துள்ளும் என்று தெரிந்து தூரிகையைத் தூக்கிவிட்டேன். மறுபடி வைக்கத் தைரியம் வரவில்லை. ஜன்னல் வெளிச்சம் போகும்வரை அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மீதி மலை எங்கடி?" என்றாள் அவள்.

"பனிக்குள்ள இருக்கு."

"பொய்தான?"

"ஆமா."

அவள் சிரிக்கவில்லை. படமெடுக்க போனைத் தூக்கினேன். திரையில் மலை முழுவதும் ஆடியது. அவள் போனை வாங்கி, தானே எடுத்து, அனுப்பட்டுமா என்று கேட்டாள். சரியென்று தலையாட்டினேன்.