இறக்கக்கண்டியில் சிக்னலுக்காக நின்ற காலை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு நான் ஒரு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்தேன். இறக்கக்கண்டியில் மணல் மூடிய கிணறுகளின் இடத்தைக் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் பதிவதே என் வேலை. கருவி வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. புது இடத்தில் வானில் சுற்றும் செய்மதிகளைத் தேடிப் பிடிக்க அதற்கு நேரமெடுக்கும், அதுவரை வெட்டவெளியில் அசையாமல் நிற்கவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் யாரும் விரும்பிச் செய்கிற காரியமல்ல அது. சமாதான காலம் என்றுதான் பெயர். ஆனாலும் இராணுவக் காவலரண் தெரிகிற இடத்தில் நின்றால் முதுகு கூசும்.

முதற்கிணற்றைக் காட்ட வீட்டுக்காரப் பெண் வந்திருந்தார். வீடு இல்லை, அத்திவாரமும் மண்ணுக்குள் போயிருந்தது. கருவியை உயர்த்திப் பிடித்தேன். திரையில் வெறும் கட்டங்கள். சற்று நேரத்தில் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் இறங்கி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

“இது செய்தி அனுப்புற சாமானா எண்டு கேக்கிறாரு, மிஸ்,” என்றார் எங்கள் சாரதி. கிண்ணியாக்காரர், சிங்களம் நன்றாகத் தெரியும்.

“இல்லை. இதால அனுப்ப ஏலாது. நாங்கள் நிக்கிற இடத்தை மட்டுந்தான் காட்டும்.”

“அப்ப காட்டட்டாம்.”

காட்ட ஒன்றுமில்லை. உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் திரை வெறுமையாக இருக்க இருக்க, எனக்கே அது பொய்போலப் பட்டது. நகர்ந்தால் இன்னும் தாமதமாகும்.

சிப்பாய் அந்தப் பெண்ணிடம் திரும்பினான். இங்கே என்ன வேலை என்று சாரதி வழியாகக் கேட்டான்.

“நீங்கள் நிக்கிறது என்ர குசினி, தம்பி,” என்றார் அவர்.

அவருடைய சமையலறை இருந்த இடம் என்று சாரதி அதைச் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் கீழே பார்த்தான். பிறகு, துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்த மணலைவிட்டு மெல்ல விலகி நின்றான். நால்வரும் திரையையே பார்த்தோம்.

கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. இலக்கங்கள் வந்தன. சிப்பாய் கருவியை வாங்கிப் பார்த்தான், தலையசைத்துத் திருப்பித் தந்தான், போய்விட்டான்.

“இனிக் கடல் வந்தாலும் இந்த இலக்கம் மாறாதோ, தங்கச்சி?”

“மாறாது, அக்கா.”

அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

சண்டை மறுபடி மூண்டதும் அந்தக் கருவிகளைப் பாதுகாப்புத் தரப்பிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே மணலை அள்ளி அந்தக் கிணற்றை இறைத்துவிட்டோம். நெடுநாள் உப்புக் கரித்த தண்ணீர், ஒரு மாரிக்குப் பிறகு குடிக்கக்கூடியதாகிவிட்டது என்று பிறகொருநாள் பாலையூற்றுப் பக்கம் என்னைக் கண்டபோது அந்த அக்காவே சொன்னார்.