சீர் டிவிக்குள் ஒரு புது டிவி

பழைய மரப்பெட்டி டிவிக்குள் புதுத் திரையைப் பொருத்தி வைத்திருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை. போன வருஷம், கண்புரை ஆபரேஷன் முடிந்த அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு, சங்ககிரியில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். அங்கே அப்படி ஒன்று இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“உள்ள இருக்கறது புதுசுங்கப்பா. கண்ணாடி பொடைக்காம தட்டையா இருக்குது பாருங்க. எத்தன நேரம் ஓடுனாலும் மேல சூடே ஏறாது” என்று பாடமே எடுத்தேன்.

அப்பா அண்ணாந்து பார்த்தார். “அப்ப பழசு போயிருச்சா சாமி?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எங்கள் டிவி அப்பா கொடுத்த சீர். கல்யாணத்தில் சீர் வரிசையைப் பார்க்க வந்த பெண்கள், “டிவி வெக்கலீங்களா?” என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் மோகனூரில் கரும்பு வெட்டு முடிந்த கையோடு, கதவு வைத்த டிவி ஒன்றை டெம்போவில் ஏற்றி, அதைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார் அப்பா. அதன் பிறகு எப்போது வந்தாலும் என்னை விசாரிப்பதற்கு முன் அதைத்தான் விசாரிப்பார்.

அது செத்து அப்போதே இரண்டு வருஷம். “மாமாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு” என்று என் வீட்டுக்காரர்தான் உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டுச் சின்னத் திரை ஒன்றைப் பொருத்தினார். அப்பாவின் கண்ணைப் புரை மறைத்திருந்ததால் அதுவரை தப்பித்தோம்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா நேராக டிவியிடம் போனார். என் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“எப்பங்க மாப்ள போச்சு?”

“ரெண்டு வருசமாச்சுங்க மாமா. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“பழைய பொட்டிதானுங்களே. தூக்கி வெளிய போட்டிருக்கலாமுங்களே?”

“நீங்க குடுத்த சீருங்க. எப்படிங்க போடறது?”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண் கொடுத்த வீட்டில் ராத்தங்கக் கூடாது என்பது அப்பாவின் வைராக்கியம். முப்பது வருஷமாக, காபி குடித்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பவர். அன்றும் சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று பையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

“இன்னிக்கு இங்கயே இருந்துக்கறேன் சாமி. எனக்கும் சேத்து அரிசி போடு” என்றார்.