பூங்கொடி ஏன் திருந்தணும்?

இன்று மதியம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, நான் எழுதிய சிறுவர் நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பதினெட்டு அத்தியாயங்களாக வாய் கூசாமல் பொய் சொல்லும் பூங்கொடி, இதில் அழுது திருந்துகிறாள்.

பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தாளைப் புரட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்கக்கா, படிச்சிக்கினு இருக்கேன்."

முடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "இன்னாக்கா இது? இவ ஏன் திருந்துறா?"

"கதையில அவ வளரணும் இல்லையா?"

"எங்க வளர்ந்தா? அடங்கிப் போயிட்டா."

முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா என்னிடம் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "பொய்யே சொல்லாம அந்தப் பொண்ணு எப்டிம்மா வூட்டுல காலந்தள்ளும்?" என்று கவலைப்பட்டார்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "திருந்தணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

நின்றுகொண்டிருந்தவர்கள் ஏற்கெனவே மேல்கம்பியைப் பிடித்திருந்ததால், அந்தக் கைகள் செல்லாது என்று முடிவானது. மீதி இருந்தது ஒரே கை. என்னுடையது.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பகத்திலிருந்து போன். கடைசி அத்தியாயம் எங்கே என்றார்கள்.

"காலையிலயே அனுப்பிட்டேனே சார், வரலையா?"

பஸ் மொத்தமும் என்னையே பார்த்தது. அந்தப் பெண் என் தோளில் தட்டினாள்.

"இப்பதான்க்கா நீங்க நல்லா வளர்ந்திருக்கீங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். பூங்கொடியை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பதிப்பகத்தாரிடம் இப்போதைக்கு நெட் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.